நஞ்சுண்டசாமியின் மூக்குப் போர்

மைசூர் விஜயநகர் பூங்காவில் காலையில் நடக்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வியாதி உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி. நஞ்சுண்டசாமிக்கு இருந்தது ஒரு போர்.

அவர் கொள்ளேகாலத்துக்கு அப்பால் இருக்கும் கௌதள்ளிக்காரர். இளவயதில் மைசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். சரித்திரப் படம் எது வந்தாலும் மனைவி மாதம்மாவை அழைத்துக்கொண்டு முதல் வாரமே போய்விடுவார். திரும்பும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். கதாநாயகன் ஒற்றை ஆளாக ஒரு படையைச் சாய்ப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. எடுக்க வேண்டிய போரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுக்கிறார்களே என்பதுதான் ஆத்திரம்.

எடுக்க வேண்டிய போர் எது என்பது அவருக்கு ஒரு கல்யாணப் பந்தியில் தெரியவந்தது. சத்தியமங்கலத்தில் மாதம்மாவின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பக்கத்து இலைக்காரர் ஊர் எதுவென்று விசாரித்தார். மைசூர் என்றதும் குனிந்து இவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்க, மூக்கு இருக்குதுங்களே" என்றார். பந்தியே சிரித்தது. நஞ்சுண்டசாமிக்கு விளங்கவில்லை. கை கழுவுகிற இடத்தில் யாரோ ஒருவர்தான் விளக்கம் சொன்னார்: திருமலை நாயக்கர் காலத்தில் மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்கள் மூக்கையெல்லாம் அறுத்ததாம்.

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தார். அந்த மனிதர் பாதியைத்தான் சொல்லியிருந்தார். முதலில் அறுத்தது மைசூர்ப் படை. மதுரைச் சீமைக்குள் இறங்கி, கண்ணில் பட்டவர்கள் மூக்கையெல்லாம் அறுத்து, மூட்டை கட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியதாகப் புத்தகம் சொன்னது. அதற்குப் பதிலடியாகத்தான் மதுரைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். இதைப் பூங்காவில் சொன்னபோது கன்னட நண்பர்கள் முதல் பாதியை ரசித்துக் கேட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் நடையை வேகப்படுத்தினார்கள். சத்தியமங்கலத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். அங்கே இரண்டாம் பாதிக்கு மட்டும்தான் வரவேற்பு.

அவர் மனதை அரித்ததோ தன் கௌதள்ளி மாதிரி நடுவில் கிடந்த ஊர்கள். யார் யார்மேல் படையெடுத்தாலும் மலையடிவாரத்து எல்லை ஊர்களை மிதித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள் என்று அவர் நம்பினார்.

"மொதல்ல ஒரு படை வந்து அறுத்துட்டுப் போகுது. அப்புறம் எதிர்ப்படை வருது. அவன் அறுக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்குது? மனுசனுக்கு ஒரே மூக்குத்தானுங்களே!" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த இடத்தில் கேட்பவர்களும் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் மறுபடி சொல்வார்.

"சோறு திங்கற நேரத்துல மூக்குப் பேச்சு எதுக்குங்க?" என்பாள் மாதம்மா.

பூங்காவில் கடைசிச் சுற்று வரை அவருடன் நடந்தவர் முரளிதரன் ஒருவர்தான். மைசூரைச் சுற்றி நடக்கும் படப்பிடிப்புகளுக்கு வேன் அனுப்புகிறவர். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாரோ என்னவோ, ஒரு நாள், "என்கிட்ட சும்மா சொல்லி என்ன சார் பிரயோஜனம்? பெங்களூர்ல இருந்து ஒரு புரொட்யூசர் வந்திருக்காரு. அவர்கிட்ட சொல்லுங்க" என்று ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார்.

தயாரிப்பாளர் மதன் காபி வரவழைத்து, செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கதை முழுவதையும் கேட்டார். நஞ்சுண்டசாமியை வீழ்த்தியது அதுதான். அதுவரை யாரும் முழுசாகக் கேட்டதில்லை.

"சூப்பர் சார். ஜெயிக்கறது யாரு?"

"யாரும் இல்லீங்க. ரெண்டு பக்கமும் மூக்கு போச்சு."

"அப்ப ஹீரோ?"

"எல்லையில இருக்கற ஒரு குடியானவன். மூக்கில்லாதவன்."

மதன் காபியைக் கீழே வைத்தார். "ஜனங்க ஹீரோ மூஞ்சியைப் பார்க்கத்தான் சார் வராங்க. அதுல நடுவுல இருக்கறதையே எடுத்துட்டா எப்படி?" அவரே வழியும் சொன்னார். "இப்படிப் பண்ணலாம். கன்னடத்துல முதல் பாதி. மைசூர்ப் படை ஜெயிச்சுட்டு வருது, கொடி, சுபம். தமிழ்ல ரெண்டாவது பாதி. மதுரைப் படை ஜெயிச்சுட்டு வருது, கொடி, சுபம். ஒரே செட்டு, ஒரே குதிரை, ரெண்டு படம்."

"ரெண்டையும் சேர்த்துப் பார்க்கறவனுக்கு?"

"அப்படி யாரு சார் இருக்காங்க?"

நான் இருக்கிறேன் என்று சொல்ல நஞ்சுண்டசாமி வாயைத் திறந்தார். அதற்குள் மதன், "கதைக் கரு நஞ்சுண்டசாமின்னு டைட்டில்ல தனியா போடறோம்" என்றார். திறந்த வாயால் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

"அந்தக் குடியானவன் என்னங்க ஆனான்?" என்று வீட்டில் மாதம்மா கேட்டாள்.

"இருக்கறான். கூட்டத்துல ஒருத்தனா இருப்பான்."

அதன்பிறகு கதை மாறிய செய்திகள் முரளிதரன் மூலம் பூங்காவுக்கு வந்துகொண்டிருந்தன. ராஜாக்கள் பெயரை வைத்தால் வம்பு என்று மைசூரை மேனாடு ஆக்கினார்கள், மதுரையைத் தென்னாடு ஆக்கினார்கள். பிறகு, எதற்கு இரண்டு படம், இரண்டு நாட்டையும் சேர்த்துவிட்டால் ஒரே படத்தை இரண்டு மொழியிலும் ஓட்டலாமே என்று யாருக்கோ தோன்றியது. ஆகவே மேனாடும் தென்னாடும் கட்டித் தழுவிக்கொண்டு, கடல் தாண்டி வந்த மூன்றாவது படையை எதிர்த்தன. மூக்கறுப்பது அந்தப் படையின் வேலை ஆயிற்று. அது எந்த நாட்டுப் படை என்று எங்குமே சொல்லாததால் யார் மனமும் புண்பட வழியில்லை.

சண்டை போட்டே தீருவது என்று நஞ்சுண்டசாமி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால் நடந்த படப்பிடிப்புக்குப் போனார். முரளிதரனின் வேனில்தான் போனார். வழி நெடுக வசனம் தயார் செய்துகொண்டார். மதன் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க குடியானவனை நான் மறக்கலை சார். அவனுக்கு ஒரு ஷாட் இருக்கு. நீங்களே பண்ணுங்களேன்?"

கால் மணி நேரத்தில் அவர் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேக்கப் போடும் வைஷாலி அவர் மூக்கை அமுக்கி, மேலே ரப்பர்த் தோலை ஒட்டி, சிவப்புச் சாயம் பூசினாள். "மூக்கால மூச்சு விடாதீங்க சார், ஒட்டு பிரிஞ்சிடும்" என்றாள். பிறகு கண்ணாடியைத் திருப்பினாள்.

நஞ்சுண்டசாமி பார்த்தார். மூக்கு இருந்த இடம் தட்டையாக, ஈரமாக இருந்தது. அதற்கு மேலே அவருடைய சொந்தக் கண்கள். ஒரே மூக்குத்தானுங்களே என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம் என்ற நினைப்பு வந்தது. இந்த முகத்தோடு ஒருவன் மறுநாள் காலை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருப்பான். அவன் வீட்டுக்காரிக்கும் இதே முகம் இருந்திருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம் சாப்பிட்டார்களோ. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

எரிகிற குடிசை முன்னால் அவரை உட்கார வைத்து, கதறி அழச் சொன்னார்கள். அவர் அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற குதிரையைப் பார்த்தபடி இருந்தார். முதல் தடவையே ஓகே ஆயிற்று. கேமராவின் கண் குதிரை மேல்தான் இருந்தது.

படம் வந்த அன்று மாதம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு தியேட்டருக்கு வந்தாள். குடிசை எரிந்தது. குதிரை போனது.

"எங்கீங்க, உங்களைக் காணோம்?"

"அந்த மூலையில ஒண்ணு கலங்கலாத் தெரியுதே, அதுதான்."

குழந்தைகள் பார்க்கிற படம், அறுந்த மூக்கெல்லாம் வேண்டாம் என்று கடைசி நேரத்தில் மதன் அந்த முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டிருந்தார். கதைக் கரு என்ற இடத்தில் மதன் பெயரே இருந்தது. எல்லோரும் எழுந்துபோன பிறகு ஓடிய நன்றிப் பட்டியலில், ஒரு அரிசி மில்லுக்கும் குதிரைக்காரர்களுக்கும் நடுவே நஞ்சுண்டசாமி என்று வந்தது. மாதம்மா அதற்குக் கை தட்டினாள். காலியான தியேட்டரில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

இனி சினிமாப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவர் சபதம் செய்தார். அடுத்த மாதமே வைஷாலி போன் செய்தாள். வேறொரு சரித்திரப் படம். அழாமல் சும்மா உட்காரத் தெரிந்த வயசாளிகள் தேவைப்படுகிறார்களாம். போனார். அதிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் போகிறார். உட்காருவதிலிருந்து சாவதற்கு உயர்வு கிடைத்திருக்கிறது. மேல்கோட்டைப் பாறையில் ஒரு தடவை, பாண்டவபுரத்துக் கரும்பு வயலில் ஒரு தடவை, அவர் நன்றாகவே செத்தார் என்று முரளிதரன் பூங்காவில் எல்லோருக்கும் சொன்னார்.

போன வாரம் ஒரு பெரிய போர். மாலையில் புழுதியோடு வீடு வந்தவரிடம் மாதம்மா வெந்நீர் எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னைக்கு எந்தப் பக்கமுங்க?"

"மதியம் வரைக்கும் செவப்புத் தலப்பா. ஆளு பத்தலைன்னு சோத்துக்கு அப்புறம் எதிர்ப்படை நீலம் கட்டிவிட்டாங்க."

"எதுல செத்தீங்க?"

"செவப்புல."

"யாரு கொன்னாங்க?"

நஞ்சுண்டசாமி முதுகில் வெந்நீரை ஊற்றிக்கொண்டார்.

"சரியாத் தெரியல மாதம்மா. நானாத்தான் இருக்கோணும்."