கடைசி பெஞ்சிலிருந்து முதல் இடத்துக்கு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருப்புக் கொள்ளாது. இன்றைக்கும் அப்படித்தான். இதை எழுத உட்கார்ந்த பிறகு மூன்று தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது கேட்பாரில்லை. பன்னிரண்டு வயதில், கோலாலம்பூரின் அந்தப் பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில், காலாட்டுவது ஒரு குற்றம். பென்சிலைத் தட்டுவது இன்னொரு குற்றம். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பது, பக்கத்துப் பையனைச் சீண்டுவது, கேள்வி முடிவதற்குள் பதிலைக் கத்துவது எல்லாமே குற்றங்கள். ஒன்று விடாமல் செய்திருக்கிறேன்.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதற்கு முன்பு கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் மட்டும்தான். அண்ணன் பத்து வயது வரை அதில் படித்தான். பட்டணத்துக்கு வந்ததும் இங்கிலீஷில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. சுற்றிலும் வாமன உருவத்தில் குழந்தைகள், நடுவில் இவன் மட்டும் நெட்டையாக. ஒரு வகுப்பிலும் தவறவில்லை. முட்டி மோதி ஏழாம் வகுப்புக்கு வந்தபோது வயது பதினாறு, மீசை அரும்பியிருந்தது.

நான் பட்டணத்திலேயே படிப்பைத் தொடங்கியவன். போதாக்குறைக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து டபுள் புரமோஷன் கொடுத்து, ஆறைத் தாண்டி நேராக ஏழில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே வகுப்பு. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு செட் புத்தகம் போதும் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணனும் சிரித்தான். அம்மா மட்டும், "பெரியவன் மனசு என்ன பாடுபடுமோ, அதப் பத்தி யாராச்சும் நெனச்சீங்களா?" என்றாள். எனக்கு அது என்ன பேச்சு என்றே விளங்கவில்லை.

அப்பாவின் கணக்கு சுலபமானது. ஏழு தாண்டி, ஜூனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தால் அண்ணனுக்குக் கவர்மெண்ட் ஆபீஸில் கிராணி வேலை, நாற்காலி, மேலே சுற்றுகிற காற்றாடி. ஏழிலேயே நின்றுவிட்டால் செந்தூல் ரயில்வே பட்டறை, கையில் சுத்தியல். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இதைச் சொல்வார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். நான் அதற்குள் சாப்பிட்டு முடித்து வெளியே ஓடியிருப்பேன்.

எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். பெஞ்சுக்கு நான்கு பேராக எட்டு பெஞ்சு. சீனப் பையன்கள்தான் அதிகம். பிறகு நாங்கள், சில மலாய்ப் பையன்கள், இரண்டு சிங்குகள். கண்ட இடத்தில் உட்கார முடியாது. மார்க்குப்படிதான் இடம். முதல் மார்க்குக்காரன் முன் பெஞ்சில் ஜன்னலோரம், கடைசி மார்க்குக்காரன் எட்டாம் பெஞ்சில் கதவோரம். அதோடு விடமாட்டார்கள். வாய்க்கேள்வி கேட்கும்போது முதலாமவனில் தொடங்கி வரிசையாகக் கீழே வருவார்கள். பதில் சொன்னவன் எழுந்துபோய், சொல்லத் தெரியாத அத்தனை பேருக்கும் மேலே உட்கார்ந்துகொள்ளலாம். மற்றவர்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் இடம் கீழே நகர வேண்டும். என்னைப் போன்ற பயலுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடைக்குமா? படிப்பதே இடம் மாறுவதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஒரு புது உத்தரவு வந்தது. வயது கடந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெருகிவிட்டார்கள்; சின்னப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆகவே வருஷக் கடைசி நாளன்று எட்டாம் பெஞ்சில் இருப்பவர்களில் யார் வயது கடந்தவரோ அவர் பெயரை ரெஜிஸ்டரில் அடித்துவிடுவது என்று முடிவு. வகுப்பு மாஸ்டர் இதை இரண்டு முறை நிறுத்தி வாசித்தார். அண்ணன் விரலால் மேசையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

பரீட்சை மார்க் வந்தது. அண்ணன் இருபத்தெட்டாம் இடம். ஏழாம் பெஞ்சின் கடைசி ஆள், முதுகுக்குப் பின்னால் எட்டாம் பெஞ்சு. நான் ஐந்தாம் இடம். அண்ணன் தப்பினான் என்று அப்பா ஒரு தேங்காய் வாங்கிப் பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு வந்தார். ஆனால் கடைசி நாள் இன்னும் பாக்கி இருந்தது. அன்றைக்கு ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு வகுப்பாக வந்து வாய்க்கேள்வி கேட்பார். அதில் இடம் மாறினால் மாறியதுதான்.

அதற்கு மூன்று நாள் முன்னால் என் கால் சும்மா இருக்காமல் பெஞ்சை ஆட்டியது. பெஞ்சு மேசையை இடித்தது. மேசைமேல் இருந்த மைப்புட்டி கவிழ்ந்து, பக்கத்தில் நின்ற மாஸ்டரின் வெள்ளைக் கால்சட்டையில் வழிந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வகுப்பில் இங்கிலீஷ் தவிர வேறு பேசாதவர், அன்றைக்குத் தமிழிலேயே வெடித்துவிட்டார். "உனக்குக் காலில் என்னடா பிசாசோ பிடிச்சிருக்கு? ஒரு நிமிசம் ஓரிடத்தில் இருக்க ஏலாதோ? போ, கடைசிக்குப் போ!" என்று எட்டாம் பெஞ்சில், முப்பத்திரண்டாம் இடத்துக்குத் தள்ளி, அங்கே இருந்தவனை என் ஐந்தாம் இடத்தில் உட்கார வைத்தார். பிறகு அங்கே இருந்தும் ஆடுகிறேன் என்று ஹாலில் கொண்டுபோய் நிற்க வைத்தார். இரண்டு நாள் பெரும்பாலும் ஹாலில்தான் நின்றேன்.

எனக்கு ஒன்றும் அவமானமாக இல்லை. வயது கடந்தவன் இல்லையாதலால் எட்டாம் பெஞ்சு என்னை ஒன்றும் செய்யாது. ஹாலோ பிரமாதமாக இருந்தது. பள்ளிக்கூடம் முன்னே ஆற்றங்கரையில் இருந்ததாம். மழை வந்தால் வகுப்புக்குள் வெள்ளம் வந்துவிடுமாம். குன்றின்மேல் புதுக் கட்டடம் கட்டியபோது பழைய பள்ளியின் பலகைகளை எல்லாம் கழற்றிக்கொண்டு வந்து இந்த ஹாலில் மாட்டியிருந்தார்கள். கட்டடத்துக்குப் பணம் கொடுத்த தவுக்கே எனப்படும் சீன முதலாளிகள், தமிழ்க் குத்தகைக்காரர்கள், ஹெட்மாஸ்டர்களாக இருந்த வெள்ளைக்காரர்கள், பரிசு வாங்கிச் சீமைக்குப் படிக்கப் போன பையன்கள் என்று எல்லாப் பெயரும் தங்க எழுத்தில் இருந்தது. வேறு வேலை இல்லாததால் மேலிருந்து கீழாகப் படித்தேன், கீழிருந்து மேலாகப் படித்தேன், ஒற்றைக்காலில் நின்றுகொண்டும் படித்தேன்.

கடைசி நாள் காலையில் அண்ணனும் நானும் வழக்கம்போல ரயில் பாதையோரமாக நடந்து போனோம். பாதி வழியில் அண்ணன் நின்றுவிட்டான்.

"டேய் தம்பி, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாயத் தொறக்காம இரு."

"ஏன்?"

"காரணம் கேக்காத. ஹெட்மாஸ்டர் என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடு. இருக்கற எடத்துல இரு. ஒரு நாள்தான்டா."

அவன் என்னிடம் ஒன்றைக் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் உடனே விலை பேசினேன். லீவு முழுக்க அவனுடைய ஹாக்கி மட்டை எனக்கு வேண்டும் என்றேன். சரி என்றான். யாருக்கும் தரக்கூடாது, எனக்கு மட்டும்தான் என்றேன். அதற்கும் சரி என்றான். பிள்ளையார் சத்தியமாக வாயைத் திறக்கமாட்டேன் என்று அவன் கையில் அடித்துக் கொடுத்தேன்.

அவன் கணக்குப் போட்டிருக்கிறான். இன்று எனக்கு அது பட்டப்பகல் வெளிச்சமாகத் தெரிகிறது. எட்டாம் பெஞ்சில் நான்கு இடம். மூன்றில் வாயே திறக்காத மூன்று பேர், நான்காவதில் நான். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை அண்ணன் ஏழாம் பெஞ்சில் இருப்பான். நான் எழுந்து மேலே போனால் எனக்குக் கீழே உள்ளவன் என்று யாரும் இல்லை. எனக்கு மேலே உள்ள ஒவ்வொருவனும் ஓர் இடம் இறங்குவான். அண்ணன் இறங்கினால் எட்டாம் பெஞ்சு. இதைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பன்னிரண்டு வயதுப் பொடியனிடம், அதுவும் தன்னோடு ஒரே வகுப்பில் படிக்கிற தம்பியிடம், நீ கீழே இருந்தால்தான் நான் பிழைப்பேன் என்று ஒரு அண்ணன் எப்படிச் சொல்வான்?

ஹெட்மாஸ்டர் பத்து மணிக்கு வந்தார். உயரமான வெள்ளைக்காரர், நல்ல மனிதர், தன் பள்ளிக்கூடத்தின்மேல் உயிரையே வைத்திருந்தவர். கணக்கு கேட்டார், பூகோளம் கேட்டார். முன் பெஞ்சுகளுக்குள்ளேயே பதில் கிடைத்துவிட்டது. இரண்டு மூன்று பேர் மேலும் கீழும் மாறினார்கள். பின்னால் யாருக்கும் பாதிப்பில்லை. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தேன். அண்ணன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான்.

கிளம்பும்போது ஹெட்மாஸ்டர் நின்றார். கடைசியாக ஒரே ஒரு கேள்வி என்றார். இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து முதன்முதலாகப் பரிசு பெற்றுச் சீமைக்குப் படிக்கப் போன மாணவன் யார்?

முதல் இடத்துச் சீனப் பையன் எழுந்து தெரியாது என்றான். இரண்டாமவனும் தெரியாது என்றான். எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது. தங்க எழுத்து கண்ணுக்கு முன்னால் நின்றது. மூன்றாம் பெஞ்சு, நான்காம் பெஞ்சு, எல்லாரும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். அட, ஒருவனுக்குக் கூடவா தெரியாது! தினமும் அந்த ஹால் வழியாகத்தானே போகிறார்கள்! ஆறாம் பெஞ்சு முடிந்தது. ஏழாம் பெஞ்சின் கடைசியில் அண்ணன் எழுந்தான். தெரியாது என்று சொல்லிவிட்டு, உட்காரும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எட்டாம் பெஞ்சின் மூன்று பேரும் வரிசையாகத் தெரியாது என்றார்கள். ஹெட்மாஸ்டரின் முகம் வாடிவிட்டது. என்னைப் பார்த்து, உனக்குமா தெரியாது என்று கேட்டார்.

நான் தெரியாது என்று சொல்லத்தான் எழுந்தேன். இது சத்தியம். வாயைத் திறந்தால் அந்தப் பெயர் வந்துவிட்டது. பெயரோடு நிற்கவில்லை, வருஷமும் வந்தது, அவனுக்கு அடுத்துப் போனவன் பெயரும் வந்தது.

ஹெட்மாஸ்டர் கைதட்டினார். வகுப்பே கைதட்டியது. கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஒரே தாண்டலில் போனவன் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே நீதான் என்று சொல்லி என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார வைத்தார். பின்னால் தடதடவென்று முப்பத்தொரு பேரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஜன்னல் கிடைத்திருந்தது.

ஹெட்மாஸ்டர் போனதும் மாஸ்டர் ரெஜிஸ்டரைத் திறந்து எட்டாம் பெஞ்சின் நான்கு பெயரையும் வாசித்தார். முதலில் அண்ணன் பெயர். நான்கு பேரும் வயது கடந்தவர்கள். அண்ணன் பெயரை வாசித்துவிட்டு மாஸ்டர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்போது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஹாக்கி மட்டை போச்சே என்றுதான் ஓடியது.

சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்தார். அண்ணன் எழுந்து நின்று சொன்னான்.

"என்னால முடியலப்பா. கேள்விக்குப் பதில் தெரியல. பேர அடிச்சிட்டாங்க."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நாளைக்குக் காலைல செந்தூலுக்கு எங்கூட வா" என்றார். அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். யாராவது கேட்பார்கள், முதல் இடம் வாங்கினேன் என்று சொல்லலாம் என்று துடித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பிள்ளையைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினால் இன்னொரு பிள்ளை என்ன செய்வான்?

அண்ணன்தான் பின்வாசலுக்குக் கூப்பிட்டான். படியில் பக்கத்தில் உட்காரச் சொன்னான். அடிக்கப் போகிறானோ என்று பயந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

"மொத எடத்துல உக்காந்தா வெளிய என்னடா தெரியுது?" என்றான்.

எனக்கு உயிர் வந்தது. திடல் முழுசாகத் தெரியும் என்றேன். கிள்ளானுக்குப் போகிற ரயிலின் புகை தெரியும், புகை மேலே போய்க் கலைகிறவரை பார்க்கலாம், காற்று வேறு ஜிலுஜிலுவென்று வரும், கரும்பலகை இவ்வளவு கிட்டே இருக்கும் என்று கையை நீட்டிக் காட்டினேன். ஹெட்மாஸ்டர் கைதட்டியதை எழுந்து நின்று நடித்துக் காட்டினேன். அவன், "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கெட்டிக்காரன்டா நீ என்று என் தலையைக் கலைத்துவிட்டான்.

அவன் முகம் என்னவோ போல் இருந்தது. தைரியம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்னை எத்தனையோ தடவை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் அதுதான்.

"கவலப்படாதண்ணே. ஒரே ஒரு கேள்விதான். அடுத்த வருசம் நீயும் அங்க வந்து உக்காந்துடலாம்," என்றேன்.

"சரிடா," என்றான் அண்ணன்.