முதுகில் வந்த கல்வெட்டு

குற்றாலத்து அருவி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். சரித்திர வாத்தியார் வேலை என்பது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, செத்துப்போனவர்களைப் பற்றித் தூங்குகிறவர்களிடம் பேசுவது. கணக்கு வாத்தியார் போர்ஷன் முடியவில்லை என்று நம் பீரியடைக் கேட்டு வாங்கிப் போவார். விளையாட்டு வாத்தியார் கேட்காமலே பிள்ளைகளைக் கூட்டிப் போவார். உங்களில் யாராவது இந்த வேலையைப் பார்த்தவர்கள் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், உங்களுக்குத்தான் இது புரியும்.

ஓய்வு பெற்ற பிறகும் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருக்கிறேன். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பழைய காகிதம், பழைய கல் என்று அந்தக் காலத்து ஆட்கள் எழுதினதையே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவேன். யார் எழுதினது, யாருக்காக எழுதினது, எதை எழுதாமல் விட்டது என்று அவர்களே துருவிக் கண்டுபிடிக்கட்டும். அவ்வளவுதான் என் வித்தை.

பீரோவுக்கு அடியில் இருந்தது

முதல் வாரம், வீட்டில் கிடக்கிற பழைய காகிதம் ஒன்று கொண்டுவாருங்கள் என்றேன். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, மிலிட்டரியில் இருந்த தாத்தா போட்ட கடுதாசி என்று வந்து குவிந்தன. ஒரு பையன் மட்டும் முத்திரைத் தாளில் எழுதின பாகப்பத்திரத்தை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு வந்தான். ஆகா என்று அதை வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டேன். கிணறு யாருக்கு, கிணற்றுக்குப் போகிற பாதை யாருக்கு என்று நாற்பது பேரும் பட்டிமன்றம் நடத்தினார்கள். பாதை பெரியப்பாவுக்குத்தான் என்று மூன்றாம் பெஞ்சு தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெரியப்பா மகளும் அதே மூன்றாம் பெஞ்சில்தான் இருந்தாள்.

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே பையனின் அம்மா தலைமையாசிரியை அறையில் நின்றார். தலைமையாசிரியை நல்ல அம்மா, ஆனால் பயந்த சுபாவம். அடுத்த மாதம் கல்வி அலுவலர் பார்வையிட வருகிறார், அவர் ஒரு வார்த்தை குறையாக எழுதினாலும் வெள்ளிக்கிழமை வகுப்பு அத்தோடு சரி, பிறகு உங்களுக்குப் பதில் போர்டில் நோட்ஸ் எழுதிப்போட ஆள் இருக்கிறது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே வந்தால் அந்தத் தாய் வாசலில் நிற்கிறார். "நாலு பங்காளிக்கும் தெரியாம பீரோவுக்கு அடியில வச்சிருந்தேன் சார். ஒரே பீரியடுல ஊருக்கே பாடம் நடத்திட்டியளே."

மூன்று பிறந்த நாள்

வீட்டுக் காகிதம் கூடாது என்றானதும் பள்ளிக்கூடத்துக் காகிதத்தை எடுத்தேன், பழைய சேர்க்கைப் பதிவேடு. முப்பிடாதி என்று ஒரு பெண் உண்டு. கேள்வியைப் பிடித்தால் எலிப்பொறி மாதிரி, விடவே மாட்டாள். ஒரு பக்கத்தில் இருக்கிற இருபத்திரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்களே, அன்றைக்கு ஊரில் எத்தனை மருத்துவச்சி இருந்தார்கள் என்று கேட்டாள். அந்த இருபத்திரண்டில் ஒருவர் அவள் தாத்தா, இப்போது புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறவர். சாட்சி உயிரோடு இருக்கும்போது விடலாமா? வகுப்புக்கு வரச் சொன்னோம்.

வந்தவர் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினார். அப்படி எட்டினால் அந்தக் காலத்தில் ஐந்து வயது. பள்ளிக்கூடம் திறக்கிற தேதிக்குச் சரியாக வாத்தியாரே ஒரு பிறந்த நாளைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். கை நீளமான பிள்ளை மூன்று வயதிலேயே ஐந்தாகிவிடும். இவருக்குக் கை குட்டை, ஏழு வயது வரைக்கும் எட்டவில்லையாம். அப்படியானால் எந்தத் தேதி நிஜம் என்று பேத்தி மடக்கினாள். அவர் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஜாதகத்துல ஒண்ணு, ரிஜிஸ்டர்ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு, மூணு பிறந்த நாள் இருக்கு எனக்கு. ஒண்ணுக்காவது உங்க ஆச்சி பாயசம் வச்சிருக்காளான்னு அதையும் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுட்டீ."

கண்ணாடியில் தெரிந்த எழுத்து

சாரல் நேரத்தில் வகுப்பைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவர், வருகிறவர்களைப் படுக்கவைக்கிற நீளக் கல்லில் எழுத்து இருப்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். எத்தனையோ முதுகு உரசி மழுங்கின எழுத்து, சும்மா பார்த்தால் தெரியாது. காவிப்பொடியை மேலாகப் பூசினால் பள்ளம் தனியாகத் தெரியும். பூசிவிட்டுப் பிள்ளைகள் கை கழுவப் போனார்கள். திரும்புவதற்குள், துண்டு கட்டின ஒரு பெரிய மனுஷர் உடம்பெல்லாம் எண்ணெயோடு வந்து அதில் மல்லாக்கப் படுத்துவிட்டார். கால் மணி நேரம் அசையவில்லை. குறட்டை வேறு.

எழுந்து திரும்பினார் பாருங்கள், கல்வெட்டு முழுக்க அவர் முதுகில் இருந்தது. நானும் எத்தனையோ கல்லிலிருந்து தாளில் மை ஒற்றிப் படி எடுத்திருக்கிறேன், இவ்வளவு துல்லியமான படி வாய்த்ததே இல்லை. எழுத்து இடம் வலமாகப் புரண்டிருந்ததால் முப்பிடாதி அண்ணாச்சியின் முகம் பார்க்கிற கண்ணாடியை வாங்கிப் பின்னால் பிடித்துக்கொண்டு, சத்தமாக எழுத்துக் கூட்டினாள். முதல் வரி, வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த தர்மம். இரண்டாம் வரி, 'இதை அழித்தவன்' என்று நின்றது. மூன்றாம் வரிக்குப் போவதற்குள் மனுஷருக்குப் பொறுமை போய்விட்டது. கல்லைப் பார்க்கலாமென்றால் அதில் அடுத்த ஆள் படுத்தாயிற்று, பூசின காவியும் போயிற்று. இவர் அருவியைப் பார்த்து நடந்துகொண்டே அண்ணாச்சியிடம் கேட்டார்: "முதுகு தேய்க்க ஆள் வச்சிருக்கீரு, சரி. அத வாசிக்கவும் ஆள் வச்சிருக்கீரா வே?"

பார்வையாளர் புத்தகம்

கல்வி அலுவலர் வந்து ஜீப்பை விட்டு இறங்கினார். பேண்ட், சட்டை, கண்ணாடி எல்லாம் போட்டிருந்தாலும் அந்த முதுகுக்காரரைத் தெரியாதா? வாயைத் திறக்காதே என்று முப்பிடாதிக்குக் கண்ணைக் காட்டினேன். தலைமையாசிரியை பிஸ்கட் தட்டோடு பின்னாலேயே வந்தார். அலுவலர் வகுப்பில் உட்கார்ந்து பார்வையாளர் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். என் வெள்ளிக்கிழமை அந்தப் பேனா முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதாமல் என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இதை அழித்தவன் என்ன ஆவான் என்று அந்தக் கல்லில் போட்டிருக்கிறது என்று கேட்டார். குற்றாலத்தில் குளித்த அன்றிலிருந்து ஜீப் இரண்டு தடவை பஞ்சராம், மாற்றல் வரும் என்று பேச்சாம், தூக்கமே இல்லையாம்.

கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றுதான் இந்த மாதிரிக் கல்லிலெல்லாம் வழக்கமாக இருக்கும். அது எனக்குத் தெரியாதா? ஆனால் மூலத்தைப் பார்க்காமல் சொல்வது சரித்திரத்துக்குச் செய்கிற துரோகம் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். முப்பிடாதிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எழுந்து நின்று, அன்றைக்கு இந்த சார் முதுகை அருவியில் கழுவாமல் இருந்திருந்தால் அப்போதே வாசித்திருப்போம், ஆதாரத்தை அழித்ததே இவர்தான் என்று சொல்லிவிட்டாள். தலைமையாசிரியை கையில் தட்டு சாய்ந்து பிஸ்கட் எல்லாம் தரையில்.

அலுவலர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை வகுப்பு எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது, மாணவர்களை உடனே மறுபடி குற்றாலத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், மூன்றாம் வரி பற்றித் தனக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு என் காதோரம் குனிந்தார். "சனிக்கிழமை நானும் வாரேன் சார். படுக்கதுக்கு மட்டும் வேற ஆளப் பாத்து வைங்க."

இத்தனை வருஷத்தில் நான் கற்றது, ஆதாரம் எங்கே அகப்பட்டாலும் அது குளிக்கப் போவதற்குள் வாசித்துவிட வேண்டும் என்பதுதான். ஆனால் அந்த அலுவலர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார், அதனால் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள்.