ஏற வேண்டிய முள்

என் அண்ணி கோபம் வந்தால் கத்துகிற ரகம் இல்லை. கையில் இருக்கும் வயரின் நுனியை உரித்துக்கொண்டே இருப்பாள். அந்தச் சனிக்கிழமை அவள் காலடியில் சிவப்பும் கறுப்புமாக அவ்வளவு தோல் கிடந்ததைப் பார்த்ததுமே, அண்ணனுக்கு இன்றைக்கு நேரம் சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் எஞ்சின் மெக்கானிக். வாங்கின காரை வாங்கினபடி ஓட்டப் பிடிக்காதவர்கள்தான் அவனுடைய வாடிக்கையாளர்கள். டர்போ வைக்க வேண்டும், புகைக்குழாயை மாற்ற வேண்டும், தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பட்டறையின் முன்பக்கத்தில் உதிரிபாகம் விற்கும் கவுண்டர் என்னுடையது. அண்ணனின் மனைவியான அண்ணி, கேஜ் மாட்டுகிறவள். எஞ்சினின் சக்தியைக் கூட்டிவிட்டால் ஆயில் அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று பார்க்கத் தனித்தனி மீட்டர் வேண்டும். அவற்றை ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேராகப் பொருத்தி, எஞ்சினில் இருக்கும் சென்சர் வரைக்கும் வயர் இழுப்பது அவள் வேலை.

கல்யாணத்துக்கு முன்னால் கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் தொழிற்சாலையில் இருந்தாள். நாள் முழுக்கப் பலகைக்கு முன்னால் நின்று, அதில் அடித்திருக்கும் ஆணிகளுக்கு நடுவே வயரை ஓட்டி டேப் சுற்றும் வேலை. "டேப்பை விட்டு விட்டுச் சுத்து, சீக்கிரம் முடியும்" என்ற மேற்பார்வையாளரிடம், "அப்ப அந்தக் கார்ல முதல்ல உங்க வீட்டு ஆளுங்களை ஏத்துங்க" என்று சொன்னவள். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பிரித்துப்போட்டிருந்த டாஷ்போர்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, குருவி கூடு கட்டியிருக்கா?"

"அவ்வளவு தெரிஞ்சவளா இருந்தா நீயே பண்ணேன்" என்றான் அண்ணன். கிண்டலாகத்தான் சொன்னான். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "கிரீஸ் கையோட அடுப்படிக்குள்ள வராதே" என்றாள்.

"உங்க பையனும் இதே கையோடதான் சாப்பிட உட்கார்றாரு அத்தை. அவருக்கும் சேத்துச் சொல்லிடுங்க."

அதோடு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணி வயரிங் செய்த காரில் டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் வாரிப் பின்னின தலை மாதிரி இருக்கும். ஆனாலும் குறை சொல்ல வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கம்பெனி கொடுத்த மீட்டரின் முள் நடுவில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது, ஓட்டுகிறவர் கலவரப்படக் கூடாது என்றே அப்படிச் செய்வார்கள். அண்ணி மாட்டும் முள் ஏறும், இறங்கும். "அக்கா, முள்ளு ஆடுதே!" என்று ஓடி வருவார்கள். "உயிரோட இருக்கிற எஞ்சின்னா ஆடத்தான் செய்யும், போங்க" என்று அனுப்பிவிடுவாள்.

அண்ணனின் பெருமை வேறு. "நான் கட்டின எஞ்சின் ஒரு சொட்டு ஆயில் ஒழுகாது" என்பான். உண்மைதான், ஒழுகாது. எஞ்சின் பாகங்கள் சேரும் இடத்தில் கேஸ்கட் ஒட்டுகிற பேஸ்டை அவன் தாராளமாக அப்புவான்.

அந்தச் சனிக்கிழமை மருந்துக்கடைக்காரரின் காரை ஒப்படைக்க வேண்டும். அவர் மறுநாள் சிநேகிதர்களோடு பந்தயத் தடத்துக்குப் போவதாக இருந்தார். சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து பெயிண்டரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். அண்ணன் எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். எஞ்சின் உறுமியது. ஏற வேண்டிய ஆயில் முள் இறங்கியது.

காலை எடுத்தான். மறுபடி அழுத்தினான். மறுபடியும் இறங்கியது.

"வயரிங் தப்பு" என்றான் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல். "எர்த் சரியாக் கொடுத்திருக்க மாட்டா. பொம்பளைங்ககிட்ட இந்த வேலையை விட்டா இப்படித்தான்."

சிநேகிதர்களில் ஒருவர் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணி மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தாள். சென்சரைக் கழற்றி, அதன் மரையில் யாராவது டேப் சுற்றி எர்த்தைத் தடுத்திருக்கிறார்களா என்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

அண்ணன் அவள் பக்கத்தில் வந்து குனிந்தான். என் கவுண்டருக்குக் கேட்கிற தூரம்தான். "நடுவுல ஒரு ரெசிஸ்டரைச் சொருகு. முள்ளு மேலேயே நிக்கும். வண்டி போகட்டும்."

"மாட்டேன்."

"எஞ்சின் சத்தத்தைக் கேளு. நல்லாத்தானே இருக்கு? உன் முள்ளுதான் தப்பாக் காட்டுது."

"தப்பாக் காட்டலன்னா? ஆயில் இல்லாம எஞ்சின் ஜாம் ஆச்சுன்னா, அவ்வளவு வேகத்துல அந்த மனுஷன் என்ன ஆவாரு?"

"அப்ப திங்கக்கிழமைலேருந்து வீட்டுல இரு. வயரிங்குக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றான். இதை மட்டும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

அப்போதுதான் அவள் வயர் உரிக்கத் தொடங்கினாள். அவள் விட்டுக்கொடுத்துவிட்டால், இனி எந்தக் காரில் எந்த முள் இறங்கினாலும் பழி அவள் தலையில்தான் விழும். அவள் கைப்பட்ட எல்லாக் காரையும் ஜனங்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"செப்புக் குழாய் கேஜ் ஒண்ணு இருந்துச்சே, எடு."

அது பழைய மாதிரி. மெல்லிய குழாய் வழியாக ஆயிலே நேராக மீட்டருக்குள் போய் முள்ளைத் தள்ளும்.

"குடுக்காதே" என்றான் அண்ணன்.

கவுண்டர் என்னுடையது. கொடுத்தேன்.

அண்ணி சென்சர் இருந்த இடத்தில் குழாயை முடுக்கி, மீட்டரைக் கையிலேயே தூக்கிப் பிடித்தாள். "இதுல வயரே கிடையாது. இப்ப ஓட்டுங்க" என்றாள் மருந்துக்கடைக்காரரிடம். அவரே உள்ளே உட்கார்ந்து அழுத்தினார். அவள் கையில் இருந்த முள்ளும் இறங்கியது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "ரெண்டும் மட்டமான கேஜ். வண்டி இங்கேயே இருக்கட்டும், நான் பாத்துச் சொல்றேன்" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டான். செப்புக் குழாயின் சங்கதி புரியாமல், வந்தவர்கள் வயரிங் தப்பு என்பதைத்தான் காதில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தனியாகப் போய், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றியிருக்கிறான். மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"உள்பக்கம் பிதுங்கின பேஸ்ட் உதிர்ந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைச்சிருக்கு. வேகம் கூடக்கூட ஆயில் போதாம முள்ளு இறங்கியிருக்கு. உன் மேல தப்பில்ல."

"வயரிங் தப்புன்னு எங்க வெச்சுச் சொன்னீங்க?" என்றாள் அண்ணி.

"பட்டறைல."

"அப்ப இதையும் அங்கேயே சொல்லுங்க."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள இதையெல்லாம் பெருசு பண்ணுவாங்களா?"

"அங்க நீங்க திட்டினது உங்க பொண்டாட்டியை இல்ல, எலெக்ட்ரீஷியனை. அவ இன்னும் அங்கதான் நிக்கறா."

அண்ணன் எழுந்து கை கழுவப் போனான். திங்கட்கிழமை அண்ணி பட்டறைக்கு வரவில்லை. அம்மாவே, "போயேன்மா, கார் எல்லாம் பாதில நிக்குதாம்" என்று கெஞ்சிப் பார்த்தாள். அண்ணி ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணன் கூட்டிவந்த ஆள் இரண்டு நாளில் ஃபியூஸ் பெட்டியைக் கருக்கிவிட்டுப் போனான்.

ஒரு வாடிக்கையாளர் என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "இப்பல்லாம் வயரிங் வேற ஆள்தானே? அந்த அக்கா இல்லையே?" என்று நிம்மதியாகக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கேட்ட பல்பை இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அலமாரி நிறைய இருந்தது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள். அண்ணி அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

எஞ்சினைச் சுத்தம் செய்து மறுபடி கட்டியாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் அதே சிநேகிதர்களோடு கார் எடுக்க வந்தார். நான் அண்ணிக்குப் போன் போட்டேன். சமைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்து பட்டறை வாசலில் நின்றாள். அண்ணன் என்னை முறைத்தான். முறைக்கட்டும்.

"என்னண்ணே, வயரிங் கோளாறு சரியாயிடுச்சா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

அண்ணன் வாசலைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். போய்க் கம்ப்ரஸர் சுவிட்சைப் போட்டான். டயருக்குக் காற்று பிடிக்கிறானாம். அது கடகடவென்று ஓடத் தொடங்கியதும், மருந்துக்கடைக்காரரின் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னான். உதடு அசைந்தது. அவர், "என்னண்ணே?" என்று காதில் கையை வைத்துக்கொண்டார்.

அண்ணி எல்லோரையும் தாண்டி நேராகப் போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

"இப்ப சொல்லுங்க."

சிநேகிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெயிண்டர் தூரிகையோடு வந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"பேஸ்ட் நான்தான் அதிகமா அப்பிட்டேன். அது உதிர்ந்து ஆயிலை அடைச்சிடுச்சு. இவ வயரிங்ல ஒரு குறையும் இல்ல."

"பின்னாடி நிக்கறவருக்குக் கேக்கல" என்றாள் அண்ணி.

அண்ணன் இன்னொரு முறை சொன்னான்.