வெள்ளைத் துணியில் ஒரு கட்டு சீரை

எங்கள் வீட்டில் ஐந்து கோழிகளுக்கும் வேலை உண்டு. முட்டையிடுவதைச் சொல்லவில்லை. அது அவை தங்கள் இஷ்டத்துக்குச் செய்வது. அண்ணன் கொடுத்த வேலை வேறு.

நான்கு சென்ட் நிலம் எங்களுக்குச் சொந்தமாகி மூன்று வருடம் ஆகிறது. உதியன்குளங்கரை ஜங்ஷனிலிருந்து உள்ளே நடக்கிற தூரம்தான், ஒரு மேட்டை வெட்டி நிரவிய இடம். அதற்கு முன்பெல்லாம் நாங்கள் வாடகை வீடுகளில் இருந்தோம். வீடு கட்டி முடித்தபின் பின்பக்கம் மிஞ்சியதை மண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெட்டுகல் பொடியும், சிமெண்ட் கட்டியும், உடைந்த ஓடும் கலந்து சிவப்பாகக் கிடந்தது. நான் அதில் ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் பொதிந்து, கேரள அரசின் விவசாய ஆபீசான கிருஷி பவனில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். அண்ணன் பொதியை வாங்கிப் பிரித்து, எடுத்த இடத்திலேயே கொட்டினான்.

"இதுக்கு என்ன சூக்கேடுண்ணு பாத்தாலே தெரியுது மக்கா. இனி மருந்துதான் வேணும்."

அண்ணன் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் ஆபீசில் கிளார்க்காக இருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்துவைத்த காரியத்துக்கு இந்தப் படிப்புதான் துணை நின்றது.

காலையில் குளத்தூர் பக்கம் கடப்புறத்திலிருந்து மீன்காரிகளைச் சந்தைக்கு ஏற்றிவருவது அண்ணனின் முதல் சவாரி. அதில் ஒருத்தியிடம் கேட்டு ஒரு பழைய மீன்வலை வாங்கிவந்தான். நான்கு கம்பு நட்டு வலையைச் சுற்றிக் கட்டினான். உள்ளே ரப்பர் இலை, பலா இலை, சந்தையில் ஒதுக்கிப்போட்ட முட்டைக்கோஸ் தழை எல்லாம் கொட்டி ஐந்து கோழிகளையும் விட்டான். அவை பகல் முழுக்கக் கிளறின. இலையைப் புரட்டின, புழுவைத் தின்றன, எச்சமிட்டன, மறுபடியும் கிளறின. மூன்று வாரம் கழிந்து கம்பைப் பிடுங்கி வலையை அடுத்த இடத்துக்கு மாற்றினான். கிளறி முடித்த இடத்தைத் தழை போட்டு மூடி, இரண்டு மாதம் தொடாமல் விட்டான்.

"ஒனக்க அண்ணன் கோழிக்கு டூட்டி போட்டிருக்கான் பாத்தியா," என்றாள் அம்மா. "ஒரு நாளு லீவு குடுக்க மாட்டான்."

"ஞாயிற்றுக்கிழமை உண்டும்மா," என்றான் அண்ணன். "அண்ணைக்கு அதுவளும் சும்மா நிக்கும்."

அது உண்மைதான். ஞாயிறு மட்டும் ஐந்தும் முற்றத்தில் அலையும். அதில் கறுப்புக் கோழி ஒன்று, எங்கே யார் என்ன செய்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து பார்க்கும். பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போகும். எங்கள் பஞ்சாயத்து மெம்பரை நினைத்து அண்ணன் அதற்கு மெம்பர் என்று பெயர் வைத்தான்.

வலையை முழுதாக ஒரு சுற்று கொண்டுவர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அப்புறம் ஒருநாள் நான் வெறுங்காலோடு பின்பக்கம் போனேன். கால் பதிந்தது. குனிந்து அள்ளினேன். கறுத்து, ஈரமாக, விரலுக்கிடையில் உதிர்ந்தது. உடைந்த ஓட்டுத் துண்டுகள் அதற்குள் அந்நியர்களைப் போலக் கிடந்தன. சோதனைக்கு அனுப்ப நினைத்த அதே இடம். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை செய்த வேலைகளில் இதைவிடப் பெரியதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அண்ணனிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

"மெம்பர்கிட்ட சொல்லு," என்றான்.

கத்தரி, வெண்டை எல்லாம் வந்தது. ஆனால் அண்ணன் மனசு முழுவதும் பயறில் இருந்தது. கை நீளத்துக்குத் தொங்குமே, அந்தப் பயறு. பந்தல் கட்டி, கொடியைக் கையால் எடுத்துக் கயிற்றில் சுற்றிவிட்டு, காலையில் ஆட்டோவை ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட வரும்போது ஒரு தடவை போய் நிற்பான். கொடி பந்தலைத் தொட்டுப் பூ விட ஆரம்பித்தது.

அந்தச் சமயம் ஆபீசுக்கு ஒருநாள் லீவு. அண்ணனுக்கு உதவலாம் என்று நினைத்தேன். கோழி எருவில் செடிக்கு வேண்டிய சத்து மாட்டுச் சாணத்தைவிட அதிகம் என்று போனில் படித்திருந்தேன். ராத்திரி கோழிகள் அடையும் கூட்டுக்கு அடியில் அன்றன்றைக்கு விழுந்த எச்சம் பச்சையாகக் கிடந்தது. இரண்டு வாளி வாரி, ஒவ்வொரு பயறு மூட்டிலும், வேரைச் சுற்றி, தாராளமாக வைத்து, மேலே தண்ணீரும் ஊற்றினேன். மெம்பர் கூடவே வந்து பார்த்துவிட்டு வழக்கம்போலப் போனது.

மூன்றாம் நாள் இலையின் ஓரங்கள் கருகின. ஐந்தாம் நாள் பூ உதிர்ந்தது. நான் இலையைப் போட்டோ எடுத்து, இது என்ன நோய் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தான்.

"யாரு போட்டது?"

சொன்னேன். எத்தனை வாளி என்பதையும் சொன்னேன்.

கையிலிருந்த மண்ணைக் கீழே உதறினான். "எலே, கொதிக்கக் கொதிக்கச் சாயாவ ஒருத்தன் மூஞ்சியில ஊத்தினா எப்பிடி இருக்கும்? அதாக்கும் நீ செய்தது. அது ஆறணும்டே. எலையோட கெடந்து, மக்கி, நாத்தம் போனாத்தான் அது எரு. இப்ப அது வெறும் கோழிப்பீ."

அம்மா அடுக்களை வாசலிலிருந்து, "போட்டும் விடு, சின்னவன் தெரியாம செய்தான்," என்றாள்.

"தெரியாம இல்லம்மா, தெரிஞ்சு செய்தான். வாசிச்சுத் தெரிஞ்சு." சொல்லிவிட்டு வாடிய கொடியைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினான். அவிழ்த்துக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி, "பண்டிகைக்கு இனி அஞ்சு ஞாயிறு உண்டு," என்றான்.

அந்தப் பயறு எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை அன்று ஆலயத்தின் முன்னால் நீள மேசை போட்டு வெள்ளைத் துணி விரிப்பார்கள். சொந்த மண்ணில் விளைந்ததை அதில் வைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேனை, தேங்காய். கடையில் வாங்கிக் கொண்டுவருவதை ஜன்னலோரம் கிடக்கும் பெஞ்சில் வைப்பது வழக்கம். அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. யாரும் யாரையும் ஒன்றும் சொன்னதும் இல்லை. ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு ஓர்மை தெரிந்த நாள் முதல் எங்கள் வீட்டுக் கவர் பெஞ்சுக்குத்தான் போகும். ஆராதனை முடிந்து, வைத்த சாமான்களை ஏலம் விடும் முன்னால் அவற்றின் பட்டியலை மைக்கில் வாசிப்பது, நான் கல்லூரிக்குப் போன வருடத்திலிருந்து, என் வேலை. "காய்கறி, ஒரு கவர்" என்று எங்கள் வீட்டுடையதை நான் கொஞ்சம் வேகமாக வாசிப்பேன். அந்த வேகத்தை அண்ணன் கவனித்திருப்பான் என்று நான் நினைத்ததில்லை.

"முட்டை வைக்கலாமே அண்ணா. நம்ம வீட்டுதுதானே," என்றேன்.

"கோழிய வாடக வீட்டிலயும் வளத்தலாம். நாம வளத்தியிருக்கோம். மண்ணில வந்தது வேணும்."

அஞ்சு ஞாயிற்றில் பயறு வராது, வெண்டையும் கத்தரியும் காய்த்து ஓய்ந்திருந்தன. அன்று மாலையே அண்ணன் வேலையைத் தொடங்கிவிட்டான். நான் போட்ட எருவை மேல்மண்ணோடு சுரண்டி ஒரு குழியில் தள்ளி, தழையால் மூடினான். கோழிகள் கிளறி முடித்து இரண்டு மாதம் ஆறிய இடம் ஒன்று மூலையில் இருந்தது. அதைக் கொத்தி, சல்லடையால் சலித்ததுபோல் பொடியாக்கினான். சிவப்புக் கீரை, எங்கள் பேச்சில் சீரை, அதன் விதையை ஒரு பிடி ரவையோடு கலந்து தூவினான்.

"ரவை எதுக்கு?"

"எறும்புக்கு. அதுவ ரவைய எடுத்துட்டுப் போவும், விதைய விட்டிரும். ஒனக்க போன்ல இது இல்லியா?"

இல்லை என்றேன். இருந்திருக்கலாம், நான் தேடவில்லை.

நான்காம் நாள் முளைத்தது. சிவப்புப் புள்ளிகள், பிறகு சிவப்பு இலைகள். கோழிக்குச் சீரை என்றால் உயிர். இதுவரை கோழிகளை உள்ளே வைத்த வலை இப்போது அவற்றை வெளியே வைத்தது. மெம்பர் நாள் முழுக்க வலையைச் சுற்றி நடந்தது. நானும் அண்ணனும் முறை வைத்துக் காவல் இருந்தோம். ஆபீசுக்குப் போகும் முன் என் முறை.

மூன்றாவது வாரம் மாலை மழை ஆரம்பித்தது. இடியோடு வந்து அறைகிற மழை. பிஞ்சுத் தண்டு அதில் நிற்காது. அண்ணன் ஜங்ஷனுக்குப் போய், தேர்தல் முடிந்தும் கழற்றாமல் கிடந்த ஒரு ஃப்ளெக்ஸைக் கேட்டு வாங்கிவந்தான். நான்கு கம்பின் மேல் அதைக் கூரையாகக் கட்டினோம். உள்பக்கம் படம் வந்துவிட்டது. எங்கள் சீரையைப் பார்த்து ஒரு வேட்பாளர் இரண்டு வாரம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சாரோ தோத்தாரோ, வேலை செய்யுதாரு," என்றாள் அம்மா.

பண்டிகை அன்று காலை அண்ணன் சீரையை அறுக்கவில்லை. வேரோடு பிடுங்கினான். அறுத்தால் ஆலயம் போய்ச் சேரும் முன் வாடிவிடும் என்றான். வாழைநாரால் கட்டியபோது ஒரு கையில் அடங்காத கட்டு. வேரில் ஒட்டிய மண்ணைக் கழுவட்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றான். ஆட்டோவின் பின்சீட்டில் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆலய வாசலில் அண்ணனின் ஸ்டாண்டுக்காரர் ஒருவர் நின்றார். "எலே, மீட்டர் போடாதவன் சீரை போட்டிருக்கான்," என்றார். அண்ணன் அம்மா இறங்கக் கை கொடுத்தான்.

காணிக்கை வைக்கிற நேரம் வந்தது. எங்கள் வீட்டு ஆட்களின் கால்கள் பழக்கத்தில் ஜன்னல் பக்கம்தான் திரும்பும். அம்மாவின் கால் திரும்பவும் செய்தது. அண்ணன் அவள் முழங்கையைத் தொட்டு நேராக நடத்தினான். இரண்டு பேரும் சேர்ந்து, சேனைக்கும் ஒரு பெரிய செந்துளுவன் வாழைக்குலைக்கும் நடுவில் கட்டை வைத்தார்கள். வைத்தபோது வேரிலிருந்து ஒரு கைப்பிடி கறுத்த மண் உதிர்ந்து வெள்ளைத் துணியில் சிதறியது. ஆலயத்தைத் துடைத்துப் பராமரிக்கும் பெரியவர் தோளில் கிடந்த துணியோடு முன்னால் வந்தார்.

அண்ணன் மெதுவாகச் சொன்னான். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

"இருக்கட்டும் அண்ணாச்சி. அதும் எங்களுக்கதாக்கும்."

அவர் மண்ணைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், துணியைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பிறகு நான் மைக்கில் பட்டியலை வாசித்தேன். தாளில் "சீரை, ஒரு கட்டு" என்று மட்டும்தான் இருந்தது. நான், "சிவப்புச் சீரை, ஒரு கட்டு, வீட்டு மண்ணில் விளைந்தது," என்று வாசித்தேன். நிறுத்தி, அவசரப்படாமல்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சட்டையைக் கூட மாற்றாமல் பின்பக்கம் போய் வலையைத் தூக்கினான். பிடுங்கிய பாத்தியில் மிஞ்சிக் கிடந்த குட்டிச் சீரைக்கு ஐந்தும் ஓடின. மெம்பர் முதலில். ஞாயிற்றுக்கிழமை, டூட்டி இல்லை என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

"இது டூட்டி இல்லடே, விருந்து," என்றான் அண்ணன்.

நான் கூட்டுக்கு அடியில் விழுந்ததை வாளியில் வாரினேன். குழிக்குக் கொண்டுபோய்க் கொட்டி, மேலே இரண்டு கை தழை போட்டு மூடினேன். அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு கை தழையை அள்ளி நீட்டினான்.