இடது முன் சக்கரத்துச் சத்தம்

வெங்கடநாராயணன் துறைமுகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவர். புதுச் சாமான் என்று பில் போட்டுவிட்டு, பழையதைத் துடைத்துப் பெயின்ட் அடித்து உள்ளே தள்ளுகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் அங்கே அவருக்குப் பிடித்த வேலை. ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் அந்தப் பார்வை அவரை விட்டுப் போகவில்லை. லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினால்கூடக் கூடையின் மேல் வரிசையை ஒதுக்கிவிட்டு அடி வரிசையைத்தான் பார்ப்பார். "என் காதுல பூச் சுத்த முடியாது" என்பது அவர் வாயில் நாளைக்கு நாலு தரமாவது வரும்.

லேக் கார்டன்ஸில் பத்தொன்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் இரண்டாவது மாடி அவருக்கு. கீழே பதினேழு வயதான சிவப்புக் கார். அந்தக் காருக்குப் பதினொரு வருடமாக வைத்தியன் நிமாய். டாக்குரியா பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் பெட்டியும் பலகையுமாகத் தொழில் பண்ணுகிறவன். அவர் ஒருவர் சிபாரிசு பண்ணி உள்ளே வந்தவன், நாளடைவில் கட்டடத்துக் கார்கள் பாதிக்கும் மேல் அவன் கைக்கு வந்துவிட்டன. வங்காளிகள் சித்தியை 'மாஷிமா' என்றும் சித்தியின் கணவரை 'மேஷோ' என்றும் அழைப்பார்கள். நிமாய் இவரையும் அப்படித்தான் முறை வைத்துக் கூப்பிடுவான். அவர் மனைவி ஜலஜா மாமி போடும் காபியைச் சூடாக ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "மாஷிமா, இது டீயைவிட மோசமில்லை" என்பான். அவனிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

இந்த வருடம் துர்கா பூஜை முடிந்த மறுநாளைக்கு மறுநாள், கார் இடது பக்கமாக இழுக்கிறதென்று நிமாயை வரச்சொன்னார். முன் சக்கரத்தின் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, அவன் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாற்றினான். தெருவில் பந்தல் மூங்கில்களை இன்னும் பிரிக்கவில்லை. ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் அன்றைக்கு அப்படியே போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துத் தெரு திறந்தது. வெங்கடநாராயணன் காரை எடுத்தார். முனை திரும்பும்போதே 'டொக்' என்றது. வேகத்தடையில் 'டொக் டொக்'. பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் ஒரு கச்சேரியே நடந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஆராய்ச்சி ஆரம்பமாகிவிட்டது. பழைய டைரி ஒன்றில் கட்டம் போட்டு வேகம், திருப்பம், சத்தம் என்று மூன்று பத்தி எழுதினார். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டுப் படுத்து டார்ச் அடித்தார். பிறகு ஜலஜாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து, டைரியைக் கையில் கொடுத்து, தெருவின் வேகத்தடை மேல் பதினொரு தடவை ஏறி இறங்கினார். எதிர்வீட்டு பால்கனியில் டீ குடித்துக்கொண்டிருந்த குடும்பம் மொத்தமும் எழுந்து நின்று பார்த்தது.

"ஏன்னா, சத்தம் என் முதுகுக்குப் பின்னாடின்னா கேக்கறது?" என்றாள் ஜலஜா.

"இரும்புல சத்தம் ஓடும். ஒரு இடத்துல கிளம்பி இன்னொரு இடத்துல கேக்கும். உனக்கு அதெல்லாம் புரியாது. 'இடது முன் சக்கரம்'னு எழுது."

"நேக்குக் கேட்டதை எழுதவா, நீங்க சொல்றதை எழுதவா?"

"நான் சொல்றதை எழுது."

எழுதினாள். நாற்பத்தோரு வருடப் பழக்கம்.

நிமாய் கை வைத்தது இடது முன் சக்கரத்தில். அவன் கை வைத்த பிறகுதான் சத்தம். ஆகவே புது புஷ்ஷைக் கண்ணில் காட்டிவிட்டுப் பழையதையே துடைத்து மாட்டியிருக்கிறான். துறைமுகத்தில் எத்தனை பார்த்திருக்கிறார்! நிமாயைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை. தப்புப் பண்ணினவனிடம் முன்கூட்டிச் சொன்னால் அவன் தடயத்தை அழித்துவிடுவான் என்பது ஸ்டோர்ஸ் பிரிவின் பாலபாடம். கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் நல்ல ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார். புதுப் பாகம் என்று சொல்லிப் பழையதை மாட்டுகிறான், உஷாராக இருங்கள், உங்கள் வண்டிகளையும் சோதித்துக்கொள்ளுங்கள். கீழே பத்து நிமிடத்தில் பதினாலு கட்டைவிரல்கள். செயலாளர் ஹரிஷங்கர் அன்றைக்கே வாசல் காவலாளியிடம் நிமாயை உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டார். நான்கு வீட்டுக் கார் வேலைகள் பாதியில் நின்றன. வெங்கடநாராயணனுக்கு அன்று நிம்மதியான தூக்கம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பெட்ரோல் பங்கில் ஸ்டெப்னிக்கும் காற்று அடித்துக்கொள்ளலாம் என்று டிக்கியைத் திறந்தார். பங்க்காரன் விரிப்பைத் தூக்கினான். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கி சரிந்து கிடந்தது. அதன் நெற்றியில் காய்ந்த சந்தனம், குங்குமம். இடுக்கில் ஒரு வாடின சாமந்தி.

"பெரியவரே, ஜாக்கிக்கும் பூஜையா?" என்று சிரித்தான் பங்க்காரன்.

வெங்கடநாராயணனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரெல்லாம் பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருந்த நவமியன்று, அவர் வீட்டில் ஆயுதபூஜை. கார் ஸ்பானர், வீல் திருகி, ஜாக்கி எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, ஸ்வாமி அலமாரிக்கு முன் மணைப் பலகையில் அடுக்கியது அவர்தான். மறுநாள் விஜயதசமி. புனர்பூஜை முடிந்ததும் எடுத்துக் கொண்டுபோய் டிக்கியில் வைத்ததும் அவர்தான். ஜாக்கியை அதன் பிடிக்குள் வைத்து, அசையாதபடி திருகி இறுக்க வேண்டும். சுண்டல் ஆறிவிடும் என்று ஜலஜா மேலிருந்து கூப்பிட்டாள். அப்படியே போட்டுவிட்டு ஏறிவிட்டார். நிமாய் தன் ஜாக்கியைத்தான் கொண்டுவருவான். அதனால் இதை வேறு யாரும் தொடவேயில்லை.

பிடிக்குள் வைத்து இறுக்கினார். காரை எடுத்துப் பாலத்தில் ஏறினார். 'முணுக்' என்றொரு சத்தம்கூட இல்லை. இறங்கினார், திரும்பினார், மறுபடி ஏறினார். சத்தமில்லாமல் ஓடுகிற தன் காருக்குள் உட்கார்ந்து அவருக்குக் காது மடல் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுத போனை எடுத்தார். 'சத்தத்துக்குக் காரணம்' என்று தொடங்கினார். அழித்தார். 'நிமாய் மேல் தவறில்லை' என்று எழுதினார். அப்படியானால் யார் மேல் என்று கேட்பார்களே! ஸ்டோர்ஸ் ஆபீசர், சந்தனம் பூசின ஜாக்கியை இறுக்க மறந்தார் என்று பத்தொன்பது வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார்களே! நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

புதன்கிழமை ஜலஜா கேட்டாள்: "சத்தம் நின்னுடுத்து போலிருக்கே. என்ன பண்ணினேள்?"

"ஏதோ டைட் பண்ணினேன்."

பொய்யில்லைதான். ஆனால் அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. ஒவ்வொரு நாள் தள்ளிப்போகப் போக, சொல்வதற்கு நாக்கு இன்னும் கனத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நிமாய் தானாகவே வந்து நின்றான். ஹரிஷங்கரைக் கெஞ்சி ஒரே ஒரு தடவை உள்ளே விடச் சொல்லியிருந்தான்.

"மேஷோ, நான் பழசை மாட்டலை. உங்க எல்லார் முன்னாடியும் கழட்டிக் காட்டறேன். பாத்துட்டு அப்புறம் என்ன வேணா சொல்லுங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஹரிஷங்கர் பக்கத்தில் நின்றார், இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் நின்றார்கள். வெங்கடநாராயணன் வாயைத் திறந்தார். "சரி, கழட்டு" என்ற வார்த்தைதான் வெளியே வந்தது.

நிமாய் காருக்கு அடியில் படுத்தான். முந்தைய நாள் மழையில் தரை இன்னும் காயவில்லை. இரண்டு மணி நேரம் அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்க்க முடியாமல் வெங்கடநாராயணன் செடித் தொட்டிகளைப் பார்த்தார், தண்ணீர் மீட்டரைப் பார்த்தார். இந்த மனுஷன் இல்லாத சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான், அது தனக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு நிமிடமும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஒவ்வொரு நிமிடமும் இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது.

புஷ் புதிதாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் காட்டினான், திரும்ப மாட்டினான், ஹரிஷங்கரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். சத்தமில்லை. நிமாயின் முகம் வாடியிருந்தது.

"போன தடவை போல்ட்டைச் சரியா இறுக்காம விட்டிருக்கேன் போல. வேற காரணம் ஒண்ணும் புரியலை. என் தப்புதான் மேஷோ. மன்னிச்சுக்குங்க." ஹரிஷங்கர் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "திருட்டு மட்டும் இல்லை சார். அதை மட்டும் குரூப்ல எழுதிடுங்க."

ஹரிஷங்கர் வெங்கடநாராயணனின் தோளில் தட்டினார். "பழசோ, லூஸோ, எங்கேன்னு கரெக்டா சொன்னீங்களே! உங்க காது காதுதான் சார்."

அந்தப் பாராட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நிமாய், நீ ஒண்ணும் லூஸா விடலை. ஜாக்கி. டிக்கியில ஜாக்கியை நான் இறுக்காம வச்சுட்டேன். அது உருண்டு அடிச்ச சத்தம்."

ஒரு வீட்டுக்காரர் லேசாகச் சிரிக்க ஆரம்பித்து, நிமாயைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எப்பத் தெரிஞ்சது?" என்றான் நிமாய்.

பெரிய பொய்யொன்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை."

நிமாய் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். முதுகுப் பக்கம் முழுக்க ஈரமும் கிரீஸும்.

"அப்ப, நான் கீழ படுத்திருந்தப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வெங்கடநாராயணன் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார். ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். மேலிருந்து ஜலஜா காபி எடுத்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். அவளிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னார். "செவ்வாக்கிழமையே தெரிஞ்சும் அவனைப் படுக்கவிட்டேளா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். காபியைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினாள்.

குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினார். சந்தனம் உட்பட. ஜலஜா பின்னால்தான் சத்தம் என்று சொன்னதை அலட்சியப்படுத்தியதையும் எழுதினார். இரண்டொரு சிரிப்புப் பொம்மைகள் வந்தன. அவர் பயந்த அளவு யாரும் கேலி செய்யவில்லை, இதற்காகவா ஐந்து நாள் ஊமையாக இருந்தோம் என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. மறுநாளே நிமாய்க்குக் கேட் திறந்தது. நின்ற வேலைகள் நடந்தன.

மார்கழிப் பிறப்பு சமயத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வேறு மெக்கானிக்கைத் தேட மனமில்லாமல், தயங்கித் தயங்கி நிமாய்க்குப் போன் செய்தார். சொன்ன நேரத்துக்கு வந்தான். மேலே ஏறிவராமல் கீழேயிருந்தே போனில் கூப்பிட்டான்.

"சார், கீழ வாங்க."

சார். பதினொரு வருடத்தில் முதல் தடவை. வெங்கடநாராயணன் இறங்கி வந்தார். நிமாய் பிரேக் ஷூவின் அட்டைப்பெட்டியை அவர் கையில் கொடுத்து ஒட்டு பிரிக்காமல் இருக்கிறதா பார்க்கச் சொன்னான். பிறகு அவர் கண் முன்னால் பிரித்தான். கழற்றிய பழையதைச் செய்தித்தாளில் சுற்றி அவர் காலடியில் வைத்தான்.

"நீ போடு நிமாய். நான் பாக்க வேண்டாம்ப்பா" என்றார்.

நிமாய் முதல் போல்ட்டில் ஸ்பானரைப் பொருத்திக்கொண்டு, திருகாமல், தலையைத் திருப்பி அவரையே பார்த்தபடி காத்திருந்தான். முட்டி வலிக்க வலிக்க வெங்கடநாராயணன் குனிந்து உட்கார்ந்து பார்த்தார். அதன் பிறகுதான் அவன் திருகினான்.