சீர் எங்கிட்டிருந்து வரும்?

அக்கா மகள் பெங்களூரிலிருந்து போன் செய்து, "மாமா, எங்க கல்யாணம் டெஸ்டினேஷன் வெட்டிங்" என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். வழக்கமான மண்டபத்தில் வைக்காமல், பார்க்க அழகான ஓர் இடத்துக்கு இரண்டு வீட்டாரையும் கூட்டிப்போய்த் தங்கவைத்து நடத்துவதாம். மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

"நீங்களே கூட்டிப்போயி காட்டுங்க மாமா. கடற்கரை, மலையடிவாரம், பழைய பங்களா, எதுன்னாலும் சரி. மண்டபம் மட்டும் வேணாம்" என்றாள்.

எனக்கு வேண்டியது மண்டபம் மட்டும்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இவளுக்குக் காது குத்தியபோது நான் குவைத்தில் இருந்தேன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். முதலாளியிடம் லீவு கேட்டுக் கெஞ்சினேன். தரவில்லை. எங்கள் சித்தப்பா மகன் தோளில் என் துண்டைப் போட்டு, அவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு போட்டோ வந்தது. அதில் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு அழுகிறது. அந்தத் தடியன் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான். இன்றைக்கும் எனக்கு அந்தப் பல்லைப் பிடிக்காது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கல்யாணச் சீரில் இதற்குக் கணக்குத் தீர்ப்பதென்று. பிள்ளையார் கோவிலில் புறப்பட்டு, மேளமும் வெடியும் முன்னால் போக, பெண்கள் வரிசையாகத் தாம்பாளம் ஏந்திவர, நடுவில் நான் கடைவீதி முழுக்க நடந்து மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். ஊரே பார்க்க வேண்டும். சித்தப்பா மகன் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

அதனால் இடம் காட்டுகிற வேலையைச் சிரித்த முகத்துடன் ஒப்புக்கொண்டேன். அக்கா மகளும், மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் வந்து சேர்ந்தார்கள். முதலில் கடற்கரை. ஜெகதாப்பட்டினத்தில் படகுகள் வந்து மீன் இறக்குகிற நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். மாப்பிள்ளை பையன் கர்சீப்பை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

"அலையே இல்லீங்களே அங்கிள்?"

"இந்தப் பக்கம் கடல் ரொம்ப அடக்கமுங்க" என்றேன். அவர்கள் காரில் ஏறி ஏசி போட்டுக்கொண்டார்கள். நான் நல்ல நண்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது நார்த்தாமலைப் பக்கம், பாறையைப் பார்த்த மாதிரி ஒரு புல்வெளி. சம்பந்தியம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பக்கென்றது.

"இங்க குரங்கு வருமுங்களா?" என்று அவரே வழி திறந்துவிட்டார்.

"வராதுங்க. அது இங்கனயேதான் இருக்கு. வர்றது நாமதான்."

ஒரு குரங்கைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. ஆனாலும் சம்பந்தியம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடியே நடந்தார்.

மூன்றாவது, ஓட்டலாக மாற்றிய பழைய பங்களா. அடேயப்பா, என்ன தூண், என்ன தரை! குறை சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஆனால் இங்கேயும் வாசல் கேட்டிலிருந்து நிலைப்படிவரை எட்டு வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டே எட்டு. மேனேஜர் வேறு, பழைய மரம் என்பதால் வெடி கூடாது, மேளம் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்றார். பன்னிரண்டு எட்டில், சத்தமில்லாமல், திருடன் மாதிரியா நான் சீர் கொண்டுபோவேன்? சம்பந்தியம்மா பக்கத்தில் போய், "மச்சுல யாரோ நடக்குற சத்தம் கேக்கும்பாங்க. அதெல்லாம் சும்மாங்க, நம்பாதீங்க" என்றேன். அவர் உடனே நம்பிவிட்டார்.

அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது காரில் அக்கா மகளும் நானும் மட்டும்தான். கொஞ்ச தூரம் ஓட்டியவள், வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"மாமா, போற எடத்துலயெல்லாம் எட்டு வெச்சு எண்ணுறீங்களே, எதுக்கு?"

"சும்மாதான். சுகருக்கு நடக்கச் சொல்லியிருக்காக."

"பொய் சொல்லாதீங்க. குரங்கு, பேயி, எல்லாம் ஒங்க வேலைதானே?"

மாட்டிக்கொண்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால்தான் எனக்குக் கோபமே வரும். "ஆமா, என் வேலைதான்! இத்தனை எடம் பார்த்தியே, சீர் எங்கிட்டிருந்து வரும்னு ஒரு வார்த்தை யோசிச்சியா? காதுகுத்துக்குத்தான் கண்டவன் மடியில ஒக்காந்த. கல்யாணத்துலயாச்சும் நான்தான் ஒன் தாய்மாமன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?" என்று கத்தினேன். கடைசியில் குரல் உடைந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது. அவள் வண்டியை எடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து அவளே ஓர் இடம் கண்டுபிடித்திருந்தாள். ஆலங்குடி தாண்டி ஒரு தென்னந்தோப்பு ரிசார்ட். கேட்டிலிருந்து மணமேடைவரை தென்னை மரங்களுக்கு நடுவே நேரான பாதை, அரை கிலோமீட்டருக்குக் குறையாது. மேளம் உண்டு, வெடியும் உண்டு.

"எண்ணிப் பாருங்க மாமா, போதுமான்னு" என்றாள். நானூறு தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை மேளக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அவசரமே வேணாம்பா, பத்து மரத்துக்கு ஒருக்கா நின்னு அடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவைத்தேன். அது என் தலையில் நானே வைத்த கொள்ளி. அவர்கள் மரத்துக்கு மரம் நின்றார்கள். வெயில் ஏறியது. புதுச்செருப்பு கடித்தது. கையில் ஏந்தவேண்டிய நகைத் தாம்பாளத்தை எல்லோருக்கும் தெரியட்டும் என்று தலையில் வேறு வைத்திருந்தேன். பாதி வழியில் முழங்கால் மக்கர் செய்தது. அக்கா போனில், "டேய், நல்ல நேரம் முடியப்போவுதுடா, ஓடியாடா!" என்று அலறினாள். பின்னால் சித்தப்பா மகன் வேறு, "அண்ணே, தாம்பாளத்தை நான் புடிக்கவா?" என்றான். செத்தாலும் தரமாட்டேன் என்றேன்.

அப்போது எதிரே ஒரு பேட்டரி வண்டி வந்தது. பட்டுப்புடவை, மாலையோடு மணப்பெண்ணே உட்கார்ந்திருந்தாள். மேக்கப் போட்ட பெண் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏறுங்க மாமா."

"முடியாது. நடந்துதான் வருவேன். நீ போயி மேடையில ஒக்காரு!"

அவள் இறங்கிவிட்டாள். என் தலையிலிருந்து தாம்பாளத்தை வாங்கி வண்டி சீட்டில் வைத்தாள். அதில் நான் வாங்கிய ஜிமிக்கி இருந்தது. காதில் கிடந்ததைக் கழற்றி மேக்கப் பெண் கையில் கொடுத்துவிட்டு, தலையை என் பக்கம் சாய்த்தாள்.

"அன்னைக்கு விட்டுப்போச்சுல்ல? இன்னைக்கு நீங்களே போட்டு விடுங்க."

மேளம் நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். சித்தப்பா மகனும் பார்த்தான். எனக்குக் கண் மறைத்தது, துளை எங்கே என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓர் அழுத்து அழுத்தினேன்.

"ஆ! மாமா, வலிக்குது!" என்று தோப்பே அதிரக் கத்தினாள்.

இத்தனை வருடமாக அந்தப் போட்டோவில் திறந்த வாயை மட்டும்தான் பார்த்திருந்தேன். சத்தம் இப்போதுதான் கேட்டது.

"இன்னொரு காதைக் காட்டு ஆத்தா" என்றேன்.