பரங்கிமலைக்குள் முதல் அங்கம்

ஒரு நாடகத்தில் முதல் வரிகூட எழுதாமல், அது மேடையேறும் நாளன்று போட்டுக்கொள்வதற்காகப் பட்டு ஜிப்பா தைத்துக்கொண்டவன் நான். மேற்குத் தாம்பரம் தையற்காரர் அளவெடுத்துக்கொண்டே, "கல்யாணமா சார்?" என்றார். நாடகம் என்றேன். "நீங்க என்ன வேஷம்?" வேஷமெல்லாம் இல்லை, எழுதுவது நான் என்றேன். "எழுதறவரு திரைக்குப் பின்னாடிதானே நிப்பாரு? அதுக்குக் காடாத் துணியே போதுமே" என்றார். அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அறுபதுகளின் பின்பாதி அது. சென்னையில் குமாஸ்தா வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் நாடகம் போட்டார்கள், மீதிப் பேர் அதற்கு ஓசிப் பாஸ் கேட்டார்கள். நான் இரண்டிலும் சேராதவன். நாடகம் சொல்கிறவன்.

சொன்னது காலை மின்சார ரயிலில். தாம்பரத்துக்காரர்களுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சலுகை, வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடம் கிடைப்பது. தினமும் அதே பெட்டி, அதே பெஞ்சு, அதே முகங்கள். எதிரே துறைமுகப் பக்கம் வேலை பார்த்த ஹெட் கிளார்க் ஒருவர் உட்காருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரில் கட்டைக்குரல் பாடுகிறவர்; மற்ற நாட்களில் அந்தக் குரலிலேயே எங்களுக்குத் தீர்ப்பு வழங்குவார். குரோம்பேட்டையில் இன்னொருவர் ஏறுவார். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதுகிறவர். அவருக்கு எப்போதும் இடம் கிடைக்காது. கையில் குடையோடு என் தலைக்கு மேல் கைப்பிடியில் தொங்கியபடி, சிரித்த முகத்துடன் கேட்டுக்கொண்டு வருவார்.

என் நாடகக் கலை ரயில்வே அட்டவணையிலிருந்து பிறந்தது. பரங்கிமலையில் கூட்டம் நெருக்குமாதலால் முதல் அங்கம் அதற்குள் முடிந்தாக வேண்டும். சிரிப்பை ரசிக்கிற இருவர் மாம்பலத்தில் இறங்கிவிடுவார்கள். ஆகவே நகைச்சுவை அதற்கு முன்னால். சோகமெல்லாம் எழும்பூருக்கு அப்பால்தான்.

கதை இதுதான். ரிடையராகிவிட்ட ஒரு மனிதர் அதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, தினமும் டிபன் பாக்ஸோடு ரயிலேறிப் போய்க் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். மனைவிக்கு முதல் நாளே தெரியும். தெரியாதவள்போலத் தினமும் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். கடைசிக் காட்சியிலும் அவள் கட்டிக் கொடுக்கிறாள், அவர் வாங்கிக்கொண்டு போகிறார். திரை.

முதல்முறை சொல்லி முடித்தபோது கோட்டை ஸ்டேஷன் வந்திருந்தது. ஹெட் கிளார்க் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னய்யா இது, கடைசியில ஒண்ணுமே நடக்கலையே! ஒரு பொம்பளை தயிர்சாதம் கட்டறதை டிக்கெட் வாங்கிட்டு வந்தா பாப்பான்? அதை அவனவன் வீட்லயே ஓசியில பாக்கறானே!"

பெட்டியே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

மறுநாளே முடிவை மாற்றினேன். பம்பாயிலிருந்து மகன் வந்தான். அது எடுபடாததால் போலீஸ் வந்தது. பிறகு, காணாமல் போன தம்பி. பெட்டியில் யார் முகம் சுளித்தாலும் என் கதையில் ஒரு பாத்திரம் செத்தது அல்லது பிழைத்தது. இப்படியே இரண்டு வருஷம். என் மனைவி மட்டும், "எழுதிடுங்களேன்" என்பாள். இன்னும் மனசில் ஊறட்டும் என்பேன்.

"ஊறினது போதும். புளிச்சிடப் போகுது."

ஒருநாள் குரோம்பேட்டைக்காரர் கூச்சத்தோடு இரண்டு பாஸை நீட்டினார். "எங்க கம்பெனி க்ளப் டிராமா சார். வீட்ல அவங்களையும் கூட்டிட்டு வரணும்." கதை, வசனம் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. இந்த மனிதர்கூட எழுதுகிறாரே என்று பெருந்தன்மையோடு வியந்தேன். ஜிப்பாவைப் பூச்சி அரிக்கத் தொடங்கியிருந்ததால் அதையே போட்டுக்கொண்டு போனேன்.

திரை விலகியது. மேடையில் ஒரு மேஜை. மேஜைமேல் டிபன் பாக்ஸ். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆனாலும் ஒரு குரூரமான நம்பிக்கை இருந்தது: முடிவில் கெடுத்துவிடுவார். போலீஸா, தம்பியா, எதைப் பொறுக்கியிருப்பார்? இரண்டும் வரவில்லை. அந்த அம்மாள் சாதத்தைக் கட்டினாள். மூடியை அழுத்தினாள். கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு போனார். திரை.

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. எனக்கு முன் வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். சிந்தியதிலேயே தெரிந்தது, கட்டைக்குரல். திரும்பி என்னைப் பார்த்து, "என்ன டச்சிங்யா! நீர் சொன்னப்ப இப்படி இல்லையே" என்றார்.

மறுநாள் ரயிலில், குரலைத் தாழ்த்தி, "அது என் கதை" என்றேன் குரோம்பேட்டைக்காரரிடம்.

"ஆமா சார், உங்க கதைதான்." கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அந்த முடிவை நீங்க வேணாம்னு விட்டுட்டீங்க. எனக்கு அது மனசை விட்டுப் போகலை."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"தினமும் கேட்டேனே சார். பல்லாவரம் தாண்டினதும், எப்ப எழுதப்போறீங்கன்னு. நீங்கதான் பாக்கலாம், பாக்கலாம்னீங்க."

உண்மைதான். அதற்குள் ஹெட் கிளார்க் நகர்ந்து உட்கார்ந்து, "இங்க வாங்க சார், எதுக்கு நிக்கறீங்க?" என்று அவருக்கு இடம் கொடுத்தார். இரண்டாம் மேடையேற்றத்துக்குப் பாஸ் கிடைக்குமா என்று பெட்டியே அவரை மொய்த்தது. என் கதையை எடுத்துக்கொண்டதைக்கூட மன்னித்திருப்பேன். என் முடிவின்மேல் எனக்கு இல்லாத நம்பிக்கை அவருக்கு இருந்ததை இன்றுவரை மன்னிக்கவில்லை.

தன்னம்பிக்கை வருவது எப்படி என்று மேல்நாட்டவர்கள் தடித்தடியாக எழுதிய புத்தகங்களை மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கிப் படித்திருக்கிறேன். அது உள்ளேயிருந்து வருமாம். எனக்குக் குரோம்பேட்டையிலிருந்து வந்தது.

எழுத உட்கார்ந்தேன். காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் எழுதினேன். ஆத்திரம் ஒரு நல்ல உத்தியோகஸ்தன்; லீவு எடுப்பதில்லை. புதுக் கதை, என் சொந்தக் கதை. ரயிலில் வாயைத் திறக்கவில்லை. "தொண்டையில ஏதாவது கோளாறா? வழியிலதானே சானடோரியம் ஆஸ்பத்திரி, இறங்கி ஒரு எட்டு காட்டிடுமே" என்றார் ஹெட் கிளார்க். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனதில் முதலில் தோன்றிய முடிவு எதுவோ, அதையே வைத்தேன். யாரையும் தொடவிடவில்லை. மனைவிக்குக்கூடப் படித்துக் காட்டவில்லை.

பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மேடையேறியது. மீனம்பாக்கத்து விமானங்கள் தலைக்கு மேலேயே இறங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. என் மிகச் சிறந்த வசனத்தை ஒன்று விழுங்கியது. திரை இழுக்கிற ஆள் என் பக்கம் திரும்பி, "இன்னா சார், ஏரோப்ளேன் போயிகினு கீது, அந்தாளு பாட்டுக்குப் பேசிகினே கீறான்! எனுக்கே ஒண்ணும் கேக்கலை" என்றான். நான் சிரிக்க எழுதிய இடங்களில் ஜனங்கள் இருமினார்கள். அழ எழுதிய இடத்தில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் மரியாதைக்குக் குறைவில்லாமல் கைதட்டினார்கள்.

ஆனாலும் மார்பு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. ஒவ்வொரு தப்பும் நானே செய்தது.

கூட்டம் கலைந்தபின் குரோம்பேட்டைக்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி மேடைக்குப் பின்னால் வந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகத்தில் கேலி துளியும் இல்லை, நிஜமான அக்கறைதான்.

"கதை நல்ல கதை சார். ட்ரெயின்ல ஒரு தடவை சொல்லியிருந்தீங்கன்னா, நான் ஒழுங்கா எழுதியிருப்பேன்."